சான்றிதழா, மாநாடா? ஒரு டிபிஏவின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நான் நான்கு ஆண்டுகளாகத் தரவுத்தள நிர்வாகியாக (டிபிஏ) பணிபுரிகிறேன். பெரும்பகுதி வேலை ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளில்தான். கடந்த ஓராண்டாகப் புதிய மென்பொருள்கள் எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் வருவதால் அவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன். ஒரு சான்றிதழ்த் தேர்வுக்கான கட்டணம், ஒரு மாநாட்டுக்குச் சென்றுவரும் செலவு, இந்த இரண்டில் ஒன்றை மட்டும் இந்த ஆண்டு நிறுவனம் ஏற்கும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். எதைக் கேட்பது? உடன் பணிபுரியும் ஒருவர், தேர்வில் வந்த வினாக்களின் தொகுப்பு தன்னிடம் இருப்பதாகவும், அதைப் படித்தால் இரண்டே வாரத்தில் தேறிவிடலாம் என்றும் சொல்கிறார். பயனர் குழுக் கூட்டம் ஒன்றுக்கு ஒருமுறை போனேன்; யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். பல ஆண்டுகள் கழித்தும் இந்தத் துறையில் மதிப்போடு நிலைத்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

பதில்: உங்கள் நிலையில் இருப்பவர் நிறுவனத்திடம் ஆரக்கிள் சான்றிதழுக்கான தேர்வுக் கட்டணத்தைக் கேட்பதே சரி என்பது என் கருத்து. போஸ்ட்கிரெஸ் கூட்டங்களுக்கு நீங்கள் சொந்தமாகவே போய்வர வேண்டும். அவற்றில் பல கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ நடக்கின்றன. ஆனால் இந்த இரண்டுக்கும் முன்பாக, நிறுவனத்திடம் கேட்க வேண்டிய மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் மேலாளரும் குறிப்பிடவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பேக்கப்பிலிருந்து தரவுத்தளத்தை மீட்டெடுத்துப் பழகுவதற்கென்று ஒரு சோதனை சர்வரும், அதற்கென்று பணி நேரத்தில் ஒதுக்கிய சில மணி நேரமுமே அது. ஏன் இந்த வரிசை என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சான்றிதழ் என்ன தருகிறது என்று பார்ப்போம். வேலை நமக்குக் கற்றுத்தருவது, நம்மிடம் பழுதானவற்றை மட்டுமே. நான்கு ஆண்டுகள் ஆரக்கிளில் இருந்த ஒருவர், டேபிள்ஸ்பேஸ் எனும் சேமிப்பிடம் நிரம்பிப்போவதையும், பூட்டுகளில் சிக்கி நிற்கும் செஷன்களையும் (பயனர் இணைப்புகளையும்), திடீரென்று மெதுவாகிவிட்ட வினவல்களையும் நூறு முறை பார்த்திருப்பார். ஆனால் கோப்பு விவரங்களைத் தாங்கும் கண்ட்ரோல் ஃபைலை இழந்த ஒரு தரவுத்தளத்தை ஒருமுறைகூடப் பார்த்திராமல் இருக்கலாம், ஏனென்றால் அது அவருடைய பணிநேரத்தில் நிகழவே இல்லை. தேர்வின் பாடத்திட்டம் இந்த இடைவெளிகளை அப்பட்டமாகக் காட்டிவிடும். ஆரக்கிளின் 2019ஆம் ஆண்டுப் பெயர் தாங்கிய நிர்வாகச் சான்றிதழுக்கு 1இசட்0-082, 1இசட்0-083 என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. இவற்றின் தலைப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே 'இதைக் கையால் செய்திருக்கிறேன்', 'படித்திருக்கிறேன்', 'கேள்விப்பட்டிருக்கிறேன்' என்று மூன்றில் ஒன்றை எழுதிப் பாருங்கள். முதல் வகையில் வருபவை நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படிக் குறைவாக இருப்பது நல்ல செய்தி; தேர்வுக்குத் தயாராகும் மாதங்களில் எதில் உழைக்க வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. தேர்வுக் கட்டணத்துக்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு இந்தத் தயாரிப்புதான். சான்றிதழ் அதன் முடிவில் வருவது.

அது தராததையும் சொல்லியாக வேண்டும். இத்தகைய தேர்வுகளில் பெரும்பாலானவை நான்கு விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் முறையில் அமைந்தவை. சரியான விடை ஏற்கெனவே திரையில் இருக்கிறது. அதை அடையாளம் காண்பதே நம் வேலை. உண்மையான விபத்தில் திரையில் எதுவும் இருக்காது. எந்தக் கட்டளை என்பதற்கு முன்னால், எந்த சர்வரில் இருக்கிறோம் என்பதே சந்தேகமாக இருக்கும். ஆரக்கிளின் உயர்நிலைச் சான்றிதழான ஓசிஎம், நேரடியாக சர்வரில் வேலை செய்து காட்டும் செய்முறைத் தேர்வு என்பதால்தான் அதற்குத் துறையில் தனி மரியாதை இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள தேர்வுகளை எழுதுபவர்கள் அந்தச் செய்முறைப் பகுதியைத் தாமாகவே சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் தேதி, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் இணையச் சேவையான கிட்லாப் நிறுவனத்தில் நிகழ்ந்ததை நீங்கள் அறிந்திருக்கலாம். அறிந்திருந்தாலும் ஒரு டிபிஏவாக மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டிய நிகழ்வு அது. முதன்மை போஸ்ட்கிரெஸ் சர்வரின் சுமை கூடி, இரண்டாம் நிலை சர்வரோடு ரெப்ளிகேஷன் (தரவை உடனுக்குடன் நகலெடுக்கும் தொடர்பு) அறுந்துபோயிருந்தது. இரண்டாம் நிலையில் தரவை மீண்டும் புதிதாக நிரப்ப முயன்ற பொறியாளர், இரவு வெகுநேரம் ஆன பிறகு, அங்கே இருக்கும் தரவுக் கோப்பகத்தைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு முதன்மை சர்வரின் கோப்பகத்தையே அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் அவருக்கு அது புரிந்து கட்டளையை நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபி அளவே மிஞ்சியிருந்தது.

கதை அதோடு முடிந்திருந்தால் அது மனிதத் தவறு ஒன்றைப் பற்றிய கதையாக மட்டுமே இருந்திருக்கும். அதன் பிறகு தெரியவந்ததுதான் நமக்குப் பாடம். தினமும் எடுக்கப்பட்டு வெளியிலுள்ள சேமிப்பகத்துக்குப் போவதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த பேக்கப், அங்கே இல்லவே இல்லை. தரவுத்தளம் 9.6ஆம் பதிப்பில் ஓடிக்கொண்டிருக்க, பேக்கப் எடுக்கும் பிஜி டம்ப் கருவியோ 9.2ஆம் பதிப்பாக இருந்ததால், அது ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றுபோயிருந்தது. அந்தப் பிழையை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள், அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால் நிராகரிக்கப்பட்டு, ஒருவர் கண்ணிலும் படவில்லை. வேறொரு பணிக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நிலையின் நகல்) அவர்களைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தில் பயனர்கள் எழுதிய கருத்துகளும், தொடங்கிய புதிய கணக்குகளும், திட்டங்களும் போனது போனதுதான். அந்த நிறுவனம் இவை எதையும் மறைக்காமல், மீட்புப் பணி நடக்கும்போதே பொதுவெளியில் காட்டி, பிறகு விரிவான அறிக்கையாகவும் வெளியிட்டது. அதற்காக நாம் எல்லோரும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இதில் எந்த இடத்தில் சான்றிதழ் உதவியிருக்கும்? பிஜி டம்ப் என்றால் என்ன, அதன் பதிப்பு சர்வரின் பதிப்பைவிடப் பழையதாக இருக்கக் கூடாது என்பதெல்லாம் தேர்வில் கேட்கத்தக்க கேள்விகளே. ஆனால் 'நேற்று எடுத்த பேக்கப் இப்போது எங்கே இருக்கிறது, அதன் அளவு என்ன, அதிலிருந்து ஒரு தரவுத்தளத்தை எழுப்பிப் பார்த்தது யார்' என்ற கேள்விகளை எந்தத் தேர்வும் உங்களிடம் கேட்காது. நேர்காணல்களில் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது ஒரு பேக்கப்பை மீட்டெடுத்துப் பார்த்தீர்கள் என்பதையே. சான்றிதழ்களை வரிசையாக வைத்திருப்பவர்களும் அந்த இடத்தில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். சான்றிதழ் ஒன்றுமே இல்லாத சிலர் தேதி, எடுத்துக்கொண்ட நேரம், வழியில் வந்த சிக்கல் என்று அடுக்கிச் சொல்வதையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே சோதனை சர்வர் கிடைத்ததும் செய்யத்தக்க ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதிந்துவைக்கும் வால் (WAL) கோப்புகளை வேறோர் இடத்துக்கு ஆர்க்கைவ் செய்யும்படி அமைத்து, பிஜி பேஸ்பேக்கப் கருவியால் ஒரு முழு பேக்கப் எடுங்கள். பிறகு ஒரு டேபிளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரிகளைச் சேர்த்துக்கொண்டே வந்து, 10.15 மணிக்கு அந்த டேபிளையே டிராப் செய்து நீக்கிவிடுங்கள். இப்போது 10.14 மணி நிலைக்குத் தரவுத்தளத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்து ரெக்கவரி டாட் கான்ஃப் என்ற கோப்பை உருவாக்கினால் சர்வர் எழவே எழாது, ஏனென்றால் 2019இல் வந்த 12ஆம் பதிப்போடு அந்தக் கோப்பு நீக்கப்பட்டு, ரெக்கவரி டாட் சிக்னல் என்ற வெற்றுக் கோப்பை வைக்கும் முறை வந்துவிட்டது. இலக்கு நேரத்தைக் கொடுக்கும்போது நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால், நீங்கள் நினைத்த 10.14 மணியும் சர்வர் புரிந்துகொண்ட 10.14 மணியும் வேறாகிவிடக் கூடும். எல்லாம் சரியாகச் செய்த பிறகும், சர்வர் இலக்கை அடைந்து, இயல்பான அமைப்பின்படி அங்கேயே இடைநின்று, படிக்க மட்டும் அனுமதிக்கும் நிலையில் காத்திருக்கும்; எழுத முயன்றால் பிழை வரும். இதை முதன்முறை பார்ப்பவர் மீட்பு தோற்றுவிட்டது என்றே நினைப்பார். உண்மையில் அது உங்களுக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது: தரவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்றால் தொடரச் சொல்லலாம், இல்லை என்றால் இலக்கு நேரத்தை மாற்றி மறுபடி முயலலாம். அதிகாலை இரண்டு மணிக்கு, மேலாளர் தொலைபேசியில் காத்திருக்கும்போது இதைக் கற்றுக்கொள்வதற்கும், ஒரு பிற்பகலில் அமைதியாகக் கற்றுக்கொள்வதற்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை நீங்களே உணர்வீர்கள்.

ஆரக்கிளிலும் இதே பயிற்சியை அதன் பேக்கப் கருவியான ஆர்மேன் கொண்டு செய்யுங்கள். ஒரு டேட்டா ஃபைலை மட்டும் இழந்தால் என்ன செய்வது, கண்ட்ரோல் ஃபைல்கள் அனைத்தும் போனால் தானியங்கி பேக்கப்பிலிருந்து அவற்றை எப்படி எடுப்பது, குறிப்பிட்ட நேரத்துக்குத் திரும்பிய பிறகு ரீசெட்லாக்ஸ் கொடுத்து (மாற்றப் பதிவுகளைப் புதிதாகத் தொடங்கச் சொல்லி) திறப்பதன் விளைவு என்ன என்று மூன்று சூழ்நிலைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் குறிப்பைப் பார்க்காமல் செய்ய வரும்வரை பழகுங்கள். எடுத்துக்கொண்ட நேரத்தை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். மென்பொருள் எவ்வளவு நேரத்தில் மீண்டும் இயங்கும் என்று நிர்வாகம் கேட்கும்போது உத்தேசமாகச் சொல்லாமல் அளந்து பார்த்த எண்ணைச் சொல்லும் டிபிஏவுக்கு நிறுவனத்தில் கிடைக்கும் மதிப்பே வேறு. இந்த மூன்றும் கைவந்த பிறகு தேர்வுக்கான நாளைப் பதிவு செய்யுங்கள். பேக்கப், மீட்டெடுப்புப் பகுதிகளின் வினாக்கள் அப்போது உங்களுக்கு நினைவாற்றல் சோதனையாக இருக்காது.

உங்கள் நண்பர் தருவதாகச் சொல்லும் வினாத் தொகுப்பை வாங்க வேண்டாம். தேர்வு எழுதுவதற்கு முன் நீங்கள் ஒப்புக்கொள்ளும் உடன்படிக்கையில், வினாக்களைப் பகிர்வதும் அப்படிப் பகிரப்பட்டவற்றைப் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டிருக்கும். கண்டுபிடிக்கப்பட்டால் சான்றிதழைத் திரும்பப் பெறவும், மேற்கொண்டு தேர்வு எழுதவிடாமல் தடுக்கவும் அந்த நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தொகுப்புகளில் தவறான விடைகள் மலிந்து கிடப்பதும் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததே. இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறு. மனப்பாடம் செய்து தேறியவரின் கையில், அவருக்கு மீட்டெடுக்கத் தெரியும் என்று நம்பி ஒரு நிறுவனம் தன் முழுத் தரவையும் ஒப்படைக்கிறது. மருத்துவமனையின் நோயாளிப் பதிவாகவோ, ஒருவரின் சேமிப்புக் கணக்காகவோ அந்தத் தரவு இருக்கலாம். அந்த நம்பிக்கைக்குத் தகுதியில்லாமல் அதை ஏற்பது சரியல்ல. நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். அவரையும் உங்கள் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் ஒன்றைக் கெடுத்து வைக்க நீங்கள் சரிசெய்வதும், நீங்கள் கெடுத்து வைக்க அவர் சரிசெய்வதுமாக.

பல ஆண்டுகள் கழித்தும் மதிப்போடு இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பொறுத்தவரை, சான்றிதழ்களின் ஆயுளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் தரவுத்தளமான எஸ்க்யூஎல் சர்வருக்கு வழங்கிவந்த எம்சிஎம் சான்றிதழ், ஆய்வகத்தில் செய்துகாட்டும் தேர்வைக் கொண்ட, மிகச் சிலரே பெற்ற, மிகவும் மதிக்கப்பட்ட ஒன்று. 2013இல் அத்திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். பல்லாயிரம் பேர் தங்கள் பெயரோடு போட்டுக்கொண்ட எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ சான்றிதழ்கள் 2021 ஜனவரி 31ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தன. அமேசானின் மேகச் சேவையில் தரவுத்தளத்துக்கென்று 2020இல் வந்த சிறப்புச் சான்றிதழின் தேர்வு, 2024 ஏப்ரலோடு நிறுத்தப்பட்டது. இப்போது மைக்ரோசாஃப்டில் டிபிஏக்களுக்கான டிபி-300 தேர்வில் பெறும் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லும். காலாவதியாவதற்கு முந்தைய ஆறு மாதங்களில் கட்டணமில்லாத இணையவழி மதிப்பீடு ஒன்றை எழுதிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்தப் புதுப்பிப்பு முறையை நான் குறை சொல்ல மாட்டேன். தொழில்நுட்பம் மாறும் வேகத்தில், ஐந்து ஆண்டுக்கு முந்தைய சான்றிதழைக் காட்டுபவரைவிடச் சென்ற ஆண்டு புதுப்பித்தவரை நம்புவது நியாயமே. ஆரக்கிள் சான்றிதழில் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்பது பெயரிலேயே இருக்கும். எனவே உங்கள் நிறுவனம் இன்று ஓட்டுவது எந்தப் பதிப்பு, அடுத்து மாறப்போவது எந்தப் பதிப்பு என்று உறுதி செய்துகொண்டு அதற்கேற்ற தேர்வை எடுங்கள்.

வேலைச் சந்தையைப் பொறுத்தவரை, சான்றிதழ் விண்ணப்பத்தை முதல் சல்லடையில் விழாமல் காக்கும். மென்பொருள் நிறுவனங்களின் பங்காளர் திட்டங்களில் சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பதால், ஆலோசனை நிறுவனங்கள் அதை விரும்பிக் கேட்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி கூட்டங்களைப் பற்றி. போஸ்ட்கிரெஸின் நிலை ஆரக்கிளிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. 1986இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வந்த இந்த மென்பொருள், 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற இன்றைய முழுப்பெயரைப் பெற்று, அன்றிலிருந்து எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமாகாமல் தன்னார்வக் குழுவால் வளர்க்கப்படுகிறது. உரிமையாளர் நிறுவனம் இல்லாததால், அந்தத் திட்டமே வழங்கும் சான்றிதழ் என்று ஒன்றும் கிடையாது; இடிபி போன்ற நிறுவனங்கள் தத்தம் பெயரில் வழங்குபவையே உண்டு. ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு வெளியாகி, ஒவ்வொன்றும் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கப்படுகிறது. இந்த ஓட்டத்தில் எது ஏன் மாறுகிறது என்ற பின்னணி பாடத்திட்டத்தைவிட வேகமாக வருவது அதை எழுதுபவர்களும் பயன்படுத்துபவர்களும் சந்திக்கும் இடங்களில்தான். ஒட்டாவாவில் 2007 முதல் 2023 வரை நடந்த பிஜிகான் மாநாடும், அதன் தொடர்ச்சியாக 2024இல் வான்கூவரில் தொடங்கிய பிஜிகான்ஃப் டெவ் மாநாடும் அப்படிப்பட்டவை. அவை மென்பொருளை உருவாக்குபவர்களை மையமாகக் கொண்டவை. உங்களைப் போன்ற நிர்வாகிகளுக்கு ஒருநாள் கூட்டங்களும் பயனர் குழுக்களுமே முதலில் ஏற்றவை. நிறுவனப் பணத்தை ஆரக்கிள் தேர்வுக்கும் உங்கள் சொந்த நேரத்தைப் போஸ்ட்கிரெஸ் கூட்டங்களுக்கும் என்று நான் பிரித்ததற்குக் காரணம் இதுவே.

அமைப்புகளும் நிலையானவை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் தொடங்கி எஸ்க்யூஎல் சர்வர் வல்லுநர்களின் உலகளாவிய அமைப்பாக விளங்கிய பாஸ், 2021 ஜனவரியில் செயல்பாட்டை நிறுத்தியது. அதன் குடைக்குக் கீழ் நடந்துவந்த எஸ்க்யூஎல் சாட்டர்டே கூட்டங்களோ நிற்கவில்லை. 2007இல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஒரு சனிக்கிழமை நடந்த கூட்டத்தில் தொடங்கிய அந்த வழக்கத்தை, ஆங்காங்கே உள்ள தன்னார்வலர்கள் மீண்டும் கையில் எடுத்துக்கொண்டு நடத்துகிறார்கள். ஆகவே ஓர் அமைப்பில் உறுப்பினர் என்ற தகுதியைத் தேடிப் போகாமல், அங்கே வரும் மனிதர்களைத் தேடிப் போங்கள்.

யாரிடமும் பேசாமல் திரும்பி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கும்; அதற்காக உங்களைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். அடுத்த முறை ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டு போங்கள். 'எங்கள் போஸ்ட்கிரெஸ் மெதுவாக இருக்கிறது, என்ன செய்யலாம்' என்று கேட்டால், எவ்வளவு அனுபவம் உள்ளவரும் பொதுவான நான்கு விஷயங்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'ஒரு டேபிளில் ஆட்டோவேக்கம் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் இறந்த வரிகளின் எண்ணிக்கை குறையவே இல்லை, டேபிளின் அளவு நாளுக்கு நாள் வீங்குகிறது, பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியில் காலையிலிருந்து ஒரு செஷன் பரிவர்த்தனையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பதாகக் காட்டுகிறது, இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டா?' எதிரில் இருப்பவர் உடனே நிமிர்ந்து உட்காருவார். உண்டு என்பதே விடை. அந்தப் பரிவர்த்தனை இன்னும் பார்க்கக்கூடும் என்று கருதப்படும் பழைய வரிகளை வேக்கம் எனும் துப்புரவுப் பணி அகற்ற முடியாது. மென்பொருளில் எங்கோ கமிட் செய்யாமல் (பரிவர்த்தனையை முடிக்காமல்) விட்ட ஓர் இடம், அந்தத் தரவுத்தளம் முழுவதிலும் இந்தத் துப்புரவைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. ஆனால் உரையாடல் அந்த விடையோடு நிற்காது. அவர்கள் இடத்தில் இது நேர்ந்தபோது அப்படி நிற்கும் செஷனுக்குக் காலவரம்பு விதித்தார்களா, விதித்தபோது எந்த மென்பொருள் முறிந்தது, நகல் சர்வருக்காக உருவாக்கிக் கைவிடப்பட்ட ஒரு ரெப்ளிகேஷன் ஸ்லாட் இதேபோல் வால் கோப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டு வட்டு முழுவதையும் நிரப்பியது எப்படி என்று அடுத்தடுத்து வரும். பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கும் இந்த அனுபவம் கைமாறுவதற்காகத்தான் கூட்டங்கள் நடக்கின்றன.

கேள்வி கேட்பதும் கடினமாகத் தோன்றினால், தன்னார்வலராகப் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவு மேசையில் அமர்ந்து பெயர் அட்டை கொடுப்பவரிடம் எல்லோரும் ஒரு வார்த்தையாவது பேசித்தான் ஆக வேண்டும். அரங்கில் பேச்சாளருக்கு மைக் கொடுப்பவரும் அப்படியே. கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட எளிதான வழி எனக்குத் தெரிந்து இல்லை. அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு பொருளை விற்பவர் பேசும் அமர்வைவிட, அதைப் பயன்படுத்தி அவதிப்பட்டு மீண்டவர் பேசும் அமர்வுக்குப் போங்கள். ஒரு நாளில் இரண்டு அமர்வுகளை முழு மனத்தோடு கேட்டால் போதும். மற்ற நேரத்தை வெளியே நின்று பேசுபவர்களோடு செலவிடலாம்.

ஓராண்டு இப்படிப் போய்வந்த பிறகு நீங்களே ஐந்து நிமிட உரை ஒன்றுக்கு விண்ணப்பியுங்கள். பல கூட்டங்களில் மின்னல் உரை என்று இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. பொருளைத் தேடி அலைய வேண்டாம்: நீங்கள் செய்த மீட்டெடுப்புப் பயிற்சியில் எது எங்கே சிக்கியது என்பதே போதுமான பொருள். முழுநீள அமர்வுக்குத் தேர்வாகும் பேச்சாளர்களுக்குப் பல மாநாடுகளில் நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்; அடுத்த ஆண்டு மாநாட்டுச் செலவைக் கேட்கும்போது, கேட்க வேண்டிய தொகையே குறைந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கூட்டத்தில் நீங்கள் காட்டும் எந்த ஸ்கிரீன்ஷாட்டிலும் உங்கள் நிறுவனத்தின் சர்வர் பெயரோ, ஐபி முகவரியோ, வாடிக்கையாளர் பெயரோ இருக்கக் கூடாது. வினவலைத் தரவுத்தளம் எப்படி நிறைவேற்றுகிறது என்று காட்டும் செயல்திட்டத்தை அப்படியே ஒட்டிக் காட்டுபவர்கள் பலர், அதன் நிபந்தனைப் பகுதியில் ஒருவரின் உண்மையான தொலைபேசி எண்ணோ கணக்கு எண்ணோ இருப்பதைக் கவனிப்பதில்லை. சோதனை சர்வரில் கற்பனைத் தரவைக் கொண்டு அதே சிக்கலை உருவாக்கிக் காட்டுங்கள். அப்படி உருவாக்க முடிந்தால்தான் சிக்கலை நீங்கள் முழுதாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள் என்றும் பொருள். பேசுவதற்கு முன் மேலாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மேலாளருக்கு நீங்கள் எழுதும் கோரிக்கையில் மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். ஆரக்கிள் தேர்வுக் கட்டணம் முதலாவது. மாதத்துக்கு ஒரு பிற்பகல் மீட்டெடுப்புப் பயிற்சியும் அதற்கான சோதனை சர்வரும் இரண்டாவது. போஸ்ட்கிரெஸ் கூட்டம் வேலை நாளில் வந்தால் அன்றைக்குப் பணிநேர அனுமதி மூன்றாவது. பணம் ஒன்றுக்குத்தான் என்று அவர் சொன்னதை நீங்கள் மீறவில்லை. மற்ற இரண்டுக்கும் வேண்டியது நேரமும் ஒரு பழைய சர்வருமே. அவர் தயங்கினால், உங்கள் நிறுவனத்தின் மிக முக்கியமான தரவுத்தளம் எதுவோ அதன் பெயரைக் குறிப்பிட்டு, அதை பேக்கப்பிலிருந்து எழுப்ப இன்று எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அளந்து, முதல் பயிற்சி முடிந்த மறுநாளே எழுத்தில் தருவதாகச் சொல்லுங்கள். அந்த எண் இதுவரை அவரிடம் இல்லையென்றால், அனுமதி கிடைப்பதில் சிரமம் இருக்காது.